மந்திரவாதி கையில் என்ன இருக்கலாம்? கொடைக்கானல் மேசைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு மதியம் நாயுடுபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு. கதை நடத்துகிறவன், அதாவது டிஎம், நான். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் மந்திரவாதிதான் வேண்டும் என்கிறார்கள், அத்தனை பேரும் ஒரே தாடி ஒரே தொப்பி ஒரே கம்போடு வந்து உட்கார்கிறார்கள், அப்புறம் "அண்ணா, இந்தக் கம்புக்குப் பதிலா வேற ஏதாவது வச்சுக்கலாமா" என்று வாட்ஸ்அப்பில் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில். நாங்கள் ஆடுவது 2014ஆம் ஆண்டு வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். 2024 திருத்தம் மாறுகிற இடத்தில் மட்டும் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மந்திரவாதி என்றாலே ஏன் கம்பும் குத்துவாளும்தான்?

ஆரம்பத்தில் கம்புகூடக் கிடையாது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் பதிப்பைப் போட்டபோது மந்திரவாதிக்கு அனுமதித்த ஆயுதம் குத்துவாள் ஒன்றுதான். 1978இல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் குத்துவாள், எறியீட்டி போன்ற சின்ன டார்ட், கம்பு என்று மூன்றானது. 2000இல் மூன்றாம் பதிப்பு வில்விசையைக் கொடுத்தது, அதாவது கிராஸ்போ. 2014இல் குத்துவாள், டார்ட், கவண், கம்பு, இலகு கிராஸ்போ. 2024இல் எளிய ஆயுதங்கள் எதுவானாலும் சரி என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

இதற்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நெருப்புருண்டை வீசுகிறவனே வாளும் சுழற்றினால் வீரனாக ஆடுகிறவர் என்ன செய்வார்? அந்தக் கணக்குதான். ஆனால் விதிக்காகப் போட்ட வேலி காலப்போக்கில் தோற்றமாகவே மாறிவிட்டது. வேலியை எடுத்த பிறகும் எல்லோரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

கருவி, ஆயுதம், மாயப்பொருள் மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தால் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

கருவி, விதியில் ஃபோகஸ், என்பது மந்திரம் வெளியே வருவதற்கான வழி. தனியாக அதற்குச் சக்தி கிடையாது. விலையும் கொஞ்சம்தான்: கம்பு 5 தங்கக் காசு, மந்திரக்கோல், தண்டம், படிகம் மூன்றும் ஆளுக்கு 10, கோளம் 20. ஆயுதம் என்பது அடிப்பதற்கு. மாயப்பொருள் என்பது தனக்குள்ளேயே சக்தி வைத்திருப்பது. உதாரணமாக நெருப்புருண்டைக் கோலில் 7 சார்ஜ் இருக்கும், விடியும்போது ஓர் ஆறுபக்க டைஸ் உருட்டி அதோடு ஒன்று கூட்டி வருகிற அளவு திரும்ப ஏறும், கடைசிச் சார்ஜையும் செலவழித்தால் இருபதுபக்க டைஸை உருட்ட வேண்டும், 1 விழுந்தால் கோல் சாம்பல். மூன்றாம் பதிப்பில் இதைவிடக் கறார்: கோலுக்கு 50 சார்ஜ், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஒரே கம்பு மூன்றாகவும் இருக்கலாம். கம்பு ஃபோகஸை அடிக்கவும் பயன்படுத்தலாம் என்று 2024 பதிப்பு வெளிப்படையாகவே எழுதிவிட்டது, 2014இல் அது தெளிவாக இல்லை. எங்கள் மேசையில் எப்போதுமே அனுமதி உண்டு.

ஃபோகஸ் வேண்டாம், பொருள் பை போதும் என்கிறேன். சரியா?

தாராளமாக. மந்திரங்கள் கேட்கிற சில்லறைப் பொருட்களை வைத்திருக்கிற பை அது, 25 தங்கக் காசு. நான் சொல்லப்போனால் பைதான் சுவையான தேர்வு, ஆனால் யாரும் அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்தே பார்ப்பதில்லை. நெருப்புருண்டைக்கு வௌவால் எச்சமும் கந்தகமும். எச்சத்திலிருந்து வெடியுப்பு வரும், பக்கத்தில் கந்தகம், கரி மட்டும் சேர்த்தால் வெடிமருந்து. மின்னல் வீச்சுக்குக் கொஞ்சம் ரோமமும் ஒரு கண்ணாடிக் குச்சியோ அம்பர் குச்சியோ. தேய்த்தால் நிலைமின்சாரம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் காட்டுவார்களே, அதேதான். வழுக்கலுக்கு வெண்ணெய் அல்லது பன்றித் தோல். இறகு போல மெல்ல இறங்குவதற்கு ஓர் இறகு. ஒளிக்கு மின்மினி, இல்லாவிட்டால் ஒளிரும் பாசி.

ஒரு விஷயம் கவனம்: விலை குறிப்பிட்ட பொருளை ஃபோகஸும் ஈடுகட்டாது, பையும் ஈடுகட்டாது. பொருளை அடையாளம் காணும் மந்திரத்துக்கு 100 தங்கக் காசு பெறுமான முத்து வேண்டும் என்றால் முத்து வேண்டும்தான். "என்கிட்ட கோளம் இருக்கே" என்று வாதாட வேண்டாம்.

நம்ம ஊர்ப் பொருளை ஃபோகஸாக வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும், ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் ஏற்க மாட்டேன். மந்திரக்கோல் என்று எழுதியிருந்த இடத்தில் உடுக்கை என்று எழுதிவிட்டு அதே மாதிரி ஒரு கையில் பிடித்துச் சத்தமில்லாமல் மந்திரம் போட்டால் அது உடுக்கை இல்லை, வேஷம் போட்ட கோல். கருவி மாறினால் ஆடும் விதம் மாற வேண்டும். எதைத் தடுக்கிறது, எப்போது காலை வாருகிறது என்பதில்தான் ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இருக்கிறது.

உடுக்கையையே எடுத்துக்கொள்வோம். இடுப்பை இடது கையில் பிடித்து, கயிற்றை அழுத்தித் தளர்த்தி, வலது கையால் தட்ட வேண்டும். அழுத்தத்துக்கு ஏற்ப நாதம் ஏறி இறங்கும். அப்படியானால் இரண்டு கையும் போச்சு. கேடயம் பிடிக்க முடியாது, கயிறு பிடித்துத் தொங்கிக்கொண்டே மந்திரம் போட முடியாது, ஒளிந்திருந்து போடவே முடியாது. இத்தனை நஷ்டத்துக்கு ஈடாக நான் ஒன்று தருகிறேன்: பயமுறுத்தும் மந்திரம், பேய் பிசாசை விரட்டும் மந்திரம் இரண்டுக்கும் எதிராளி தப்பிக்க வேண்டிய எண்ணில் ஒன்று கூடும். வில்பட்டியிலிருந்து வருகிற தம்பி ஒருவர் இப்படித்தான் ஆடுகிறார். ஓர் இடிந்த கோட்டைக்குள் எல்லோரும் பூனை நடை நடந்து மூன்றாம் மாடி வரை வந்தார்கள், இவர் முறை வந்தது, டைஸைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "தட்டவா?" என்றார். "வேண்டாம்டா" என்று நான்கு பேரும் ஒரே நேரத்தில். கோல் வைத்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

எழுத்தாணி இன்னொன்று. இரும்பு, கூர், குத்துவாள் கணக்கில் நாலுபக்க டைஸ் சேதம் தரலாம், கோல் போலவும் நீட்டலாம், இடுப்பில் செருகினால் சோதனை போடும் காவலாளி எழுத்தர் என்று நினைத்து விட்டுவிடுவான். அரசவைக் கதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியாது.

மயிற்பீலி, செப்புத் தகடு, சோழி, திருநீற்றுப் பை, வேப்பங்கொத்து எல்லாம் சரிதான். வேப்பங்கொத்து என்றால் மூன்று நாளில் வாடிவிடும், நம் மலை மேல் வேம்பு கிடைக்காது, கீழே வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கித்தான் பறிக்க வேண்டும். கதையிலும் அப்படியே வைப்பேன். எலுமிச்சம்பழம் ஒரு தடவைக்கு ஒன்று.

குறிஞ்சித் தண்டில் செய்த கோல்?

பலர் கேட்டுவிட்டார்கள். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, விதை போட்டு, செடி செத்துப்போகும். 2018இல் பூத்தது, அடுத்து 2030. எனவே சார்ஜும் 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் ஏறும் என்றேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரே ஒரு மாபெரும் மந்திரத்தை மட்டும் சுமந்துகொண்டு கதை முழுக்க அதை எங்கே செலவழிப்பது என்று தவிக்கிற பாத்திரம் வேண்டுமென்றால் வாருங்கள், பேசலாம்.

மந்திரப் புத்தகத்துக்குப் பதில் ஓலைச்சுவடி?

கேட்டதற்கு நன்றி, இதில் எனக்குத் தனி ஆசை. விதிப்படி புத்தகம் 50 தங்கக் காசு. புது மந்திரம் ஒன்றை எழுதிச் சேர்க்க அதன் படி, அதாவது லெவல், ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரமும் 50 காசும் ஆகும். தன் மந்திரத்தையே இன்னொரு பிரதி எடுத்துவைக்கப் படிக்கு 1 மணி நேரம், 10 காசு. இந்தப் பிரதி விதி இருப்பதே பலருக்குத் தெரியாது, எரிந்த பிறகுதான் தேடுகிறார்கள்.

ஓலையில் எழுத்தைக் கீறித்தான் எழுத முடியும், மை தடவினால்தான் கண்ணுக்குத் தெரியும். இதை விளையாட்டில் கொண்டுவந்தால் அருமை: மை தடவாத சுவடியைத் திருடியவன் பார்த்தால் வெற்று ஓலை மாதிரி இருக்கும். பதிலுக்கு ஈரமும் பூச்சியும் எதிரி. நம் மலையில் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை பீரோவுக்குள் இருக்கிற சட்டையே பூஞ்சை பிடிக்கிறது, ஓலை என்ன பாடுபடும். சுவடிக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவிப் பாதுகாப்பார்கள், அந்த எண்ணெய் தீர்ந்துபோனதா என்று நான் அவ்வப்போது கேட்பேன். செப்பேடு என்றால் ஈரமும் தீயும் ஒன்றும் செய்யாது, ஆனால் முதுகு ஒடியும் எடை. எதை வேண்டுமானாலும் எடுங்கள், எல்லாம் ஒரே விலை.

சித்தர் மாதிரி ஒரு பாத்திரம்?

அடிவாரத்தில் பழனி இருக்கும்போது இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கே நிற்கிறவரே தண்டம் ஏந்திய தண்டாயுதபாணி. அந்தச் சிலையை நவபாஷாணத்தில் செய்தவர் போகர் என்பது நம்பிக்கை, மேலே பூம்பாறை குழந்தை வேலப்பரைப் பற்றியும் அதையே சொல்வார்கள். சித்தர் என்றால் யோகதண்டம், கமண்டலம், குளிகை, ரசமணி, மூலிகைப் பை என்று கருவிகளே ஒரு குவியல்.

யோகதண்டம் அடிக்கிற கம்பு இல்லை. உட்கார்ந்து கையை ஊன்றுவதற்கான குட்டைத் தடி. அதனால் எங்கள் மேசையில் அது ஆயுதம் ஆகாது, ஆனால் அடிபட்டாலும் மந்திரத்தின் மேல் கவனம் கலையாமல் வைத்திருக்க உதவும், உட்கார்ந்திருந்தால் மட்டும். சண்டை நடுவில் உட்காருகிற தைரியம் இருக்கிறவர்கள் எடுக்கலாம். குளிகையை வாயில் போட்டால் பறக்கலாம் என்பது மரபுக் கதை, அப்படியே வைத்திருக்கிறேன், ஆனால் வாயில் குளிகை இருக்கும்வரை சொல்லி உச்சரிக்கிற மந்திரம் எதுவும் போட முடியாது.

ரசமணியை, அதாவது பாதரசத்தைக் கட்டிச் செய்த மணியை, கோளத்துக்குப் பதில் எடுத்துக்கொள்ளலாம். பாதரசம் என்றதும் இந்த ஊரில் சிரிப்பு வராது, 2001இல் மூடின தெர்மாமீட்டர் தொழிற்சாலைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதனால் ரசமணி உடைந்தால் தரையில் சிந்தியது விஷம் என்றே நடத்துவேன், சும்மா துடைத்துவிட்டுப் போக முடியாது.

போகரையோ முருகனையோ உயிர்ப்புள்ளி போட்டு எதிரியாகக் கொண்டுவர மாட்டேன். கேட்க வேண்டாம்.

பளியர் மந்திரவாதி, குறும்பர் மந்திரவாதி என்று போடலாமா?

கூடாது. பளியர் நம் பக்கத்து ஊர்க்காரர்கள், வீட்டுக்குத் தேன் கொண்டுவருகிறவர்கள், விளையாட்டில் ஓர் இனமாக மாற்றுவதற்கு அவர்கள் பொம்மை இல்லை. நீலகிரியில் குறும்பர்களைச் சூனியக்காரர்கள் என்று சந்தேகப்பட்டு 19ஆம் நூற்றாண்டில் கொன்றே போட்டிருக்கிறார்கள். தேன்கூட்டு ஏணியை, காட்டுக்கொடியை, கருவியின் யோசனையை எடுங்கள். ஒரு சமூகத்தின் பெயரைச் சூனியத்தோடு ஒட்டாதீர்கள்.

மாயாஜாலம் போதும், கொஞ்சம் விஞ்ஞானமாக ஏதாவது?

முப்பட்டகம். படிகம் என்ற ஃபோகஸின் விலையும் விதியும் அப்படியே. யோசனை வந்தது நம் சூரிய ஆய்வகத்திலிருந்து. 1899இல் தொடங்கியது, 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, நிறக்கோடுகள் லேசாக இடம் பெயர்ந்திருப்பதை வைத்து, புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் அதற்குப் பெயர். ஒளியைப் பிரித்தே சூரியனின் காற்றோட்டத்தைப் படிக்க முடியும் என்றால் இதற்கு மேல் என்ன மந்திரம் வேண்டும்?

எங்கள் விதி: வெளிச்சம் இருந்தால்தான் முப்பட்டகம் வேலை செய்யும். நேர் வெயிலில் ஒளி, நெருப்பு மந்திரங்களின் சேதத்தில் ஒன்று கூடும். கும்மிருட்டில் பொருள் கேட்கிற எந்த மந்திரமும் வராது. இதை எடுத்தது நர்சிங் படிக்கிற தங்கை ஒருத்தி. முதல் குகைக்குள் நுழைந்ததும் ஒளி மந்திரம் போடுகிறேன் என்றாள். அதற்கு மின்மினியோ பாசியோ வேண்டும், அந்த இடத்தில் ஃபோகஸ் நிற்க வேண்டும், ஃபோகஸுக்கோ வெளிச்சம் வேண்டும். ஒரு நிமிஷம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்த திருடன் பாத்திரக்காரரிடம் திரும்பி, "அண்ணா, இனிமே தீப்பந்தம் உங்க பொறுப்பு, நீங்க செத்தா நானும் செத்தேன்" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் எப்போதும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள், திருடன் ஒளிய வேண்டிய நேரத்தில் பந்தத்தோடு நிற்பதைப் பார்க்கவே வேடிக்கை.

மூடுபனியில் முப்பட்டகம் வேலை செய்யுமா என்றும் கேட்கிறார்கள். செய்யும், வெயில் பலன் மட்டும் இல்லை.

மந்திரவாதி வாள் பிடிக்கவே கூடாதா? அரிவாள்?

பிடிக்கலாம், ஆனால் எதற்கு என்று யோசித்துவிட்டுப் பிடியுங்கள். நெருப்புத் தெறிப்பு என்ற சாதாரண மந்திரமே பத்துபக்க டைஸ் சேதம், 120 அடி தூரம், செலவும் இல்லை. அதற்கு முன்னால் குத்துவாள் பாவம். ஆனால் பேச்சே வராத மௌன வட்டம் என்று ஒரு மந்திரம் உண்டு, 20 அடி ஆரம். அதற்குள் சிக்கினால் உச்சரிப்பு வேண்டிய எதுவும் வராது. அப்போது ஆயுதம்தான் துணை.

தாண்டிக்குடி, பன்னைக்காடு காப்பித் தோட்டங்களில் வைத்திருக்கிற கவாத்துக் கத்தியை ஒருவர் எடுத்தார். அரிவாளுக்குரிய நாலுபக்க டைஸ் கொடுத்தேன். 2014 பட்டியலில் மந்திரவாதிக்கு அரிவாள் இல்லை, 2024இல் எளிய ஆயுதம் என்பதால் உண்டு. வாளோடு ஆட ஆசை என்றால் பிளேட்சிங்கர் என்ற உட்பிரிவு இருக்கிறது, வார்லாக் பாத்திரத்துக்கு வாள் ஒப்பந்தம் இருக்கிறது. 2024 பதிப்பில் துல்லிய அடி என்கிற ட்ரூ ஸ்ட்ரைக் மந்திரம், கை வலுவுக்குப் பதில் மந்திரத் திறனாலேயே ஆயுதத்தை வீச விடுகிறது.

எனக்கு மனசுக்குப் பிடித்தது கவண். 2014 பட்டியலிலேயே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. குறிஞ்சித் திணைப் பாட்டுகளில் தினைப்புனம் காக்கிறவர்கள் பரண் மேலிருந்து கவண்கல் வீசி யானையையே விரட்டுவார்கள். டுரூயிட், வார்லாக், ஆர்டிஃபிசர் என்ற மூன்று பாத்திர வகைகளுக்கும் மந்திரக்கல் என்று ஒரு மந்திரம் இருக்கிறது: மூன்று கூழாங்கல் வரை தொட்டு மந்திரிக்கலாம், கவணில் வைத்தும் வீசலாம், மந்திரிக்கிறவர் ஒருவர், எறிகிறவர் இன்னொருவர் என்றும் இருக்கலாம். சின்னப் பையன்கள் நாலு பேருக்குக் கல்லைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கிற கிழவி என்று ஒரு பாத்திரம் யாராவது ஆடுங்களேன்.

ஒரு கையில் கம்பு, மறு கையில் கேடயம்?

விதியில் இருக்கிற வேடிக்கையான முடிச்சு இது. பொருள் கேட்கிற மந்திரம் என்றால் ஃபோகஸ் பிடித்த கையாலேயே சைகையும் செய்துவிடலாம். சைகை மட்டும் கேட்டு பொருள் கேட்காத மந்திரம் என்றால் காலிக் கை வேண்டும். வார் காஸ்டர் என்ற ஃபீட், அதாவது பாத்திரத்துக்கு எடுத்துக்கொள்கிற தனித்திறமை, இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மற்ற விளையாட்டுகளில் எப்படி?

முதலில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நாலாம் பதிப்பையே சொல்கிறேன், 2008, அது கருவிக்குக் கருவி பலனைப் பிரித்தது: கோளம் எதிராளியை மந்திரத்தில் நீடித்து வைத்திருக்கும், கோல் குறி தவறாமல் இருக்க உதவும், கம்பு தற்காப்பு. யோசனை நல்லது. பாத்ஃபைண்டரில், 2009 பதிப்பில், மந்திரவாதி மோதிரம், பதக்கம், கம்பு, கோல், ஆயுதம் இவற்றில் ஒன்றோடு பிணைந்துகொள்ளலாம். அது இல்லாமல் மந்திரம் போட்டால் 20ஓடு மந்திரத்தின் படியைக் கூட்டி வருகிற எண்ணை எட்ட வேண்டும். ஆர்ஸ் மேஜிகாவில், 1987, ஆளுக்கு ஒரே ஒரு டாலிஸ்மன் என்ற மந்திரக் கருவி, அது எந்த வடிவம் எந்தப் பொருள் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். கருவி விஷயத்தில் அதை மிஞ்ச இன்னும் ஆளில்லை என்பது என் கட்சி.

கம்ப்யூட்டர் பக்கம் ஃபைனல் ஃபேன்டஸி 7, 1997, மந்திரத்தை மணியாக்கி வாளிலேயே பதித்துவிட்டது, யார் வேண்டுமானாலும் மந்திரவாதி. டார்க் சோல்ஸில் சூனியத்துக்குக் கோல், தீ மந்திரத்துக்குக் கையிலேயே எரியும் சுடர், இறை அருளுக்குத் தாயத்து. எல்டன் ரிங்கும் கம்பு, முத்திரை என்று அதே வழி. ஸ்கைரிமில் கம்பின் சார்ஜ் தீர்ந்தால் ஆன்மாவை அடைத்த கல்லைக் கொடுக்க வேண்டும், அதை நினைத்தால் எனக்குச் சங்கடம்.

கருவியைத் திருடிவிட்டால், உடைத்துவிட்டால்?

விதிப்படி பெரிய விஷயமில்லை, 10 காசுக்கு வேறொன்று. எங்கள் மேசையில் நீங்களே வடிவமைத்த கருவி என்றால் புதிதாகச் செய்ய இரண்டு நாளும் அதற்கான பொருளும் வேண்டும், அதுவரை பொருள் பையோடு ஓட்டுங்கள். பிடுங்குவேன், ஆனால் வாராவாரம் பிடுங்க மாட்டேன். வாராவாரம் பிடுங்குகிற டிஎம் கிடைத்தால் வேறு மேசை தேடுங்கள்.

குடை?

கொடைக்கானலில் இருந்துகொண்டு இதைக் கேட்கவே தேவையில்லை. விரித்தால் ஒரு முறை மட்டும் தற்காப்பில் ஒன்று கூடும், காற்றடித்தால் மடங்கும்.

ஸ்னூக்கர் குச்சி?

சரி. 1882இல் ஊட்டி கிளப்பில்தான் அந்த விளையாட்டின் விதிகளை எழுதிவைத்தார்கள், மலைக்காரன் என்ற முறையில் உங்களுக்கு உரிமை உண்டு. கம்புக்கான சேதம். சாக்கட்டி தீர்ந்தால் குறி தவறும்.

மேசைக்கு நிஜக் கம்பு, கத்தி கொண்டுவரலாமா?

கம்பு வரலாம், படிக்கட்டில் வைத்துவிட்டு மேலே ஏறுங்கள், இருட்டியபின் காட்டுமாடு நிற்கிற வழியில் திரும்பிப் போகும்போது கையில் இருந்தால் உங்களுக்கும் ஒரு தெம்பு. கத்தி வேண்டாம். பைன் காய், கூழாங்கல் என்ன வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், டைஸ் பக்கத்தில் வைக்க நன்றாக இருக்கும்.

புதுக் கருவி ஒன்று யோசித்திருக்கிறேன். எப்படிச் சேர்ப்பது?

கேரக்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை கை வேண்டும், எப்போது வேலை செய்யாது, பார்க்கிறவனுக்கு அது என்னவாகத் தெரியும், தொலைந்தால் எதைக் கொண்டு திரும்பச் செய்வீர்கள். என்ன பலன் வேண்டும் என்பதைக் கடைசியில் ஒரு வரி எழுதினால் போதும், அதை நான் குறைக்கத்தான் போகிறேன். சனிக்கிழமை ராத்திரிக்குள் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஞாயிறு காலை அனுப்பினால் அடுத்த வாரம்தான் பார்ப்பேன், அதுவரை கம்பு.